வரலட்சுமி வீட்டு வாசலில் ஒரு டன் விறகு

சென்னையில் ஒருவர் குளிருது என்று சொன்னால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வரலட்சுமியும் தொட்டுப் பார்த்தாள். கோதண்டத்தின் நெற்றி சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனாலும் கார்த்திகை பிறந்ததிலிருந்து மனுஷன் முழுக்கை ஸ்வெட்டர், மங்கி குல்லா, காலுறை சகிதம் மேனாம்பேட்டுத் தெருவில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். அதே தெருவில் மற்றவர்கள் கைலியை மடித்துக் கட்டி, பனியனால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

கோதண்டம் பாடியில் ஒரு இரும்பு வார்க்கும் ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உலைக்கு முன்னால் நின்றவர். போன ஆனியில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த உடம்பு இன்னும் உலையைத் தேடிக்கொண்டிருந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. வெயிலில் உட்காருங்கள் என்றார். கோதண்டம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது ஒரு வெயிலா? வெறும் வெளிச்சம்," என்று இறங்கி வந்துவிட்டார்.

வீட்டில் சண்டை ஃபேனால் வந்தது. மேனாம்பேட்டில் மார்கழியானாலும் ஃபேன் ஓடியாக வேண்டும். காற்றுக்காக இல்லை, கொசுவுக்காக. வரலட்சுமி போடுவாள், கோதண்டம் அணைப்பார். அவள் மறுபடி போடுவாள். கடைசியில் அவர் ரெகுலேட்டரின் குமிழைப் பிடுங்கி ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அவர்களுடைய ஒரே பெண் மோகனப்பிரியா, வேலைக்குப் போகும் முன் குறடால் ரெகுலேட்டரைத் திருகி ஃபேனை ஓடவிட்டு, குறடை ஒளித்து வைத்துவிட்டுப் போவாள். பகலெல்லாம் அப்பாவும் அம்மாவும் அந்தக் குறடைத் தேடுவார்கள்.

இதில் வரலட்சுமியைப் பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் லேசுப்பட்டவள் இல்லை. வாயால் பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஆள் வைத்து நடத்திக் காட்டுவாள்.

மாங்காட்டில் அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தார், தட்சிணாமூர்த்தி. பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவர் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்த கோதண்டம் சாம்பாரைத் தொட்டுப் பார்த்தார். உலைக்காரருக்கு எல்லாம் கொதிக்கக் கொதிக்க வேண்டும். "இன்னா மச்சான், சாம்பார் ஜில்லுனு கீது. கூட ரெண்டு ஐஸ் போட்டிருந்தா சர்பத்துன்னு குடிச்சிருப்பேன்," என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எதிர் வரிசையில் அண்ணி நாகவல்லியின் பிறந்த வீட்டார் மொத்தப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாகவல்லி சாம்பார் வாளியை நங்கென்று வைத்து, "அவ்ளோ சூடு வேணும்னா உங்க கம்பெனி உலையாண்ட போயி சாப்புடுங்க," என்றாள். கோதண்டம் பாதி இலையில் எழுந்துவிட்டார். பாதி இலையில் எழுந்தவர் இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று தட்சிணாமூர்த்தி சொன்னார். வரலட்சுமி புருஷன் பின்னால் நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பொங்கல் சீர் வரவில்லை. புடவையும் வெல்லமும் கரும்பும் யாருக்கு வேண்டும், கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கூடப் பிறந்தவன் இருந்தும் சீர் வராத வீடு என்றால் தெரு சும்மா இருக்குமா? என்ன மனுஷன் அவன் என்று நாலு பேர் அண்ணனை ஏசுவார்கள். வரலட்சுமிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அண்ணனைத் தினம் காலையில் பல் தேய்க்கும்போது அவளே திட்டிக்கொண்டுதான் இருந்தாள். இன்னொருத்தி திட்டக் கூடாது.

அதனால் ஒரு வேலை செய்தாள். போகிக்கு இரண்டு நாள் முன்னால் அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டுக்குப் போய் கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், வெல்லம், ஒரு நல்ல புடவை எல்லாம் வாங்கினாள். ஒரு ஆட்டோவைப் பிடித்து அதில் சாமானை மட்டும் ஏற்றினாள். அவள் பஸ்ஸில் முன்னால் வந்து, முகம் கழுவி, ஒன்றும் தெரியாதவள் போல வாசலில் நின்றாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொல்லிக் கொடுத்தபடியே, "மாங்காட்டுலேர்ந்து வரேன்மா! உங்கண்ணன் குடுத்தனுப்புனாரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். "எதுக்கு இவ்ளோ?" என்று வரலட்சுமி அலுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் சீர் வந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த முனியம்மா அந்த ஆட்டோவைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோவாள். ஒரே ஒரு வருஷம் ஆட்டோக்காரர் மறந்துபோய், "ஓ.டி.யிலேர்ந்து…" என்று ஆரம்பித்தார். வரலட்சுமி இருமி இருமி அதை மூழ்கடித்தாள். உள்ளே போய்ப் புடவையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுததை முனியம்மா பார்க்கவில்லை. கோதண்டம் பார்த்திருக்கிறார். சாம்பாரைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் வாய் வராது.

இந்த மார்கழியில் கோதண்டத்துக்கு ஒரு யோசனை பிறந்தது. கல்யாணமான புதிதில் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் பார்த்த கணப்பு திடீரென்று அவர் நினைவுக்கு வந்துவிட்டது. சுவரில் கல்லால் ஒரு மாடம், உள்ளே விறகு எரியும், முன்னால் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். கூடத்தில் டிவிக்குப் பக்கத்துச் சுவரை வெறும் கையால் முழம் போட ஆரம்பித்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"கணப்பு கட்டப் போறேன். ஊடு பூரா கதகதன்னு இருக்கும் பாரு."

"கொடைக்கானல்ல பனி பெய்யுது, கட்டிக்கறான். இங்க இன்னா பெய்யுது? கொசுதான் பெய்யுது."

"புகைக்குக் கொசுவும் போயிடும்," என்றார் கோதண்டம். வரலட்சுமி மாட்டிக்கொண்டாள். கொசுவை வைத்துத்தான் ஃபேன் வழக்கையே அவள் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஷோகேஸ் பொம்மைகளோடு படுக்கையறைக்குக் குடிபோனது. யாரோ இடித்த மதில் சுவரின் கருங்கல் ஒரு வண்டி வந்தது. பழைய ஆலை நண்பர்கள் உலைக்குள் வைக்கும் நெருப்புச் செங்கல் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்கள். கொத்தனார் துலுக்கானம் இரண்டு வரிசை கட்டி முடித்துவிட்டு, "சார், இதுல இன்னா சாமி வெக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"சாமி இல்லப்பா. நெருப்பு."

துலுக்கானம் கரணையைக் கீழே வைத்துவிட்டு வரலட்சுமியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே, விடுங்கள், கட்டிவிட்டுப் போங்கள் என்றாள். மாடம் வளர்ந்தது. கல் இடுக்கில் சிமெண்டை வழித்துத் துடைக்க வந்த கோதண்டத்தைத் துலுக்கானம் மூன்று தடவை துரத்தினார். ஜன்னலுக்கு மேலே துளை போட்டுத் தகரக் குழாய் ஒன்று வெளியே போனது. மோகனப்பிரியா அதைப் படம் எடுத்து ஆபீசில் காட்ட, ஒருவர் விடாமல் வீட்டில் பேக்கரி ஆரம்பிக்கிறீர்களா என்று கேட்டார்களாம்.

அப்புறம் விறகு. கோதண்டம் வாழ்நாளில் எதையும் கிலோவில் யோசித்ததில்லை. ஆலையில் கரி டன், இரும்பு டன், கழிவும் டன். விறகுத்தொட்டிக்காரர் ஃபோனில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். சின்ன வேலைதானே என்று அடக்கமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "ஒரு டன்னு போதும்," என்றார்.

குட்டி யானை என்கிற சின்ன லாரியில் சவுக்குக் கட்டை வந்து இறங்கியது. கோலத்தை மூடியது, கேட்டை மூடியது, மதில் உயரத்துக்கு எழுந்து நின்றது. வரலட்சுமி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். வண்டியோடு வந்த தொட்டிக்காரர் லோகநாதன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"யம்மா, தை பொறந்ததும் முகூர்த்தமா? பொண்ணுக்கா? இப்பல்லாம் மண்டபத்துக்கு மண்டபம் கேஸ் வந்துடுச்சும்மா. ஊட்டு வாசல்ல பந்தல் போட்டு சமைக்கறவங்கதான் நம்மாண்ட வராங்க. இல்லாங்காட்டி பிரியாணிக் கடை. இல்லாங்காட்டி…" மூன்றாவதைச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முகூர்த்தமும் இல்லை, மண்ணும் இல்லை, எங்க வீட்டு ஆளுக்குப் பைத்தியம் என்று சொல்ல வரலட்சுமி வாயைத் திறந்தாள். அப்போது வண்டிக் கதவில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. லோகநாதன் விறகுத்தொட்டி, மாங்காடு.

"மாங்காட்டுல எங்கங்க?"

"கோயிலுக்குப் போற ரோட்டுலதான். தட்சிணாமூர்த்தி பெயிண்டு கடை கீதில்ல, அதுக்கு நேர் எதிர்ல. அண்ணாத்தை டெய்லி நம்ம தொட்டியாண்ட வந்துதான் டீ குடிப்பாரு."

வரலட்சுமி துடைப்பத்தைப் பின்னால் மறைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். பிறகு தலையைக் குனிந்து, பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணம் கூடி வந்த நேரத்தில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"காப்பி சாப்ட்டுப் போங்க," என்றாள். டம்ளரைக் கொடுக்கும்போது குரலை இறக்கினாள். "யாராண்டயும் சொல்லிக்காதீங்க. அந்தப் பெயிண்டு கடைக்காரருக்கு நான் கூடப் பொறந்த தங்கச்சி. முக்கியமா அவராண்ட சொல்லவே சொல்லாதீங்க."

லோகநாதன் சத்தியம் செய்தார். செய்யும்போதே அவர் கால் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டதை வரலட்சுமி கவனித்தாள்.

வண்டி போன மறுநிமிஷம் எதிர்வீட்டு முனியம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவந்தாள். "யக்கா! இன்னாக்கா ஆச்சு? அண்ணன் நல்லா கீறாரா? நேத்துக்கூட குல்லா போட்டுகினு போனாரே!"

கோதண்டம் குல்லாவோடு வெளியே வந்து விறகை எண்ணத் தொடங்கினார். முனியம்மாவுக்கு நிம்மதிதான் வந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததென்று வரலட்சுமி இன்றைக்கும் சொல்வாள்.

"நல்லதுக்கு எறங்கன வெறகுதான், பயப்படாத," என்றாள் வரலட்சுமி. அதற்கு மேல் தெரு பார்த்துக்கொண்டது. சாயங்காலம் மாப்பிள்ளை ஆவடி என்று முடிவானது. மறுநாள் அவருக்குச் சொந்த வீடு வந்தது. அதற்கடுத்த நாள் ஒரே பிள்ளை, நாத்தனார் தொல்லை இல்லை என்று இஸ்திரிக்காரர் உறுதியாகச் சொன்னார். டீக்கடையில் ஒருவர் கோதண்டத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்களையெல்லாம் கூப்பிடலியே?" என்றார். கணப்பைத்தான் கேட்கிறார் என்று எண்ணிய கோதண்டம், "ஊட்டோட சிம்பிளா வெச்சிக்கறோம். செட்டாச்சுன்னா அப்புறம் கூப்புடறேன்," என்றார். கேட்டவர் நெடுநேரம் டீ குடிக்காமல் நின்றார்.

மோகனப்பிரியா வேலையிலிருந்து வந்ததும் பையைத் தூக்கிப் போட்டாள். "அம்மா, பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா என் கன்னத்தைப் புடிச்சுகினு அழுதாங்க. எனக்குக் கல்யாணமாமே?"

வரலட்சுமி சொன்னாள். லோகநாதனையும், பெயிண்ட் கடையையும், தான் சிரித்த சிரிப்பையும் சொன்னாள்.

"மாமா வந்தா இன்னா சொல்லுவ? கல்யாணம் எங்கன்னு கேப்பாரில்ல?"

"அவரு மொதல்ல வரட்டும்டி. வாசப்படி மிதிக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

"எனக்கு நாளைக்கு நெசமாவே ஒருத்தன் வந்தா?"

"இன்னொரு டன்னு வெறகு வாங்கிக்கலாம்," என்றாள் வரலட்சுமி. மகள் சிரித்துவிட்டாள். வரலட்சுமியும் சிரித்தாள், ஆனால் கண் வாசல் பக்கமே இருந்தது. தாய்மாமனிடம் சொல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் எந்த அண்ணனும் பொறுக்க மாட்டான். சண்டை போடவாவது வருவார். வராவிட்டால் இனி எதற்கும் வர மாட்டார், அண்ணன் என்ற ஒருவர் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வருஷம் அவள் ஓ.டி.க்குப் போகவில்லை, ஆட்டோ பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அந்த விறகின் மேல் வைத்துவிட்டாள்.

அண்ணன் வரவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். முனியம்மா மதில் மேல் கையை வைத்து, "இன்னாக்கா, மாங்காட்டு ஆட்டோவை இன்னும் காணமே?" என்று தினம் கேட்டாள். "கடையில வேலை நெறைய," என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் கசந்தது.

போகி வந்தது. விடிந்து வெளிச்சம் வந்ததும் கோதண்டம் கணப்பைப் பற்றவைத்தார். ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தார். சவுக்குக் கட்டை மெதுவாகத்தான் பிடித்தது. சாதாரண மனிதன் என்றால் காத்திருப்பான். உலைக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர் எங்கேயோ வாங்கி ஒளித்து வைத்திருந்த, உலைக்குக் காற்று ஊதும் பழைய புளோயரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, மாடத்தின் அடியில் தானே விட்டிருந்த துளையில் சொருகி, ஸ்விட்சைப் போட்டார்.

கூடம் உறுமியது. நெருப்பு முதலில் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்துப்போனது. ஆலையில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் பிளாஸ்டிக் முகம் ஒரு பக்கம் கோணியது. மாதக் காலண்டர் சுருண்டது. பல்லிகள் ஜன்னல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. கொசு ஒன்றுகூட மிச்சமில்லை, அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். வரலட்சுமியும் மகளும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

"யோவ்! இது ஊடா, கம்பெனியா?" என்று வரலட்சுமி வாசலிலிருந்து கத்தினாள். உள்ளேயிருந்து புளோயர் சத்தம் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தாள். கோதண்டம் ஸ்வெட்டரைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, வெறும் உடம்போடு அந்த அனலுக்கு எதிரே பாயைப் போட்டு, வேர்த்து வழிய, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனுஷன் இப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. திட்ட வந்தவள் புளோயரை மட்டும் அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியபோது தெருவில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது.

கஞ்சி போட்ட வேட்டியில் தட்சிணாமூர்த்தி இறங்கினார். தலை நன்றாக நரைத்திருந்தது. பின்னாலேயே கடை ஆள் ஒருவர் தாம்பாளங்களை எடுத்தார். பட்டுப்புடவை, வளையல், மஞ்சள் குங்குமம், வாழைத்தார், வெல்லம், ஒரு தட்டில் கனத்த ரோஜா மாலை. முன் சீட்டில் நாகவல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"லச்சுமி!" தட்சிணாமூர்த்தியின் குரலுக்குப் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டார்கள். "உம் பொண்ணுக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் கீறான், நெனப்பு இருந்துதா இல்லியா? வெறகுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீ கூப்புடல. நானாத்தான் வரேன். மாமன் சீர் இல்லாம மணவறை ஏறுனான்னு அந்தப் பொண்ணை நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. தட்டை வெச்சிட்டுப் போயிகினே இருப்பேன். உன் ஊட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்று வரலட்சுமிக்கு இருந்தது. அண்ணன் திட்டிக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

தட்சிணாமூர்த்தி மூச்சு வாங்கச் சுற்றுமுற்றும் பார்த்தார். பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை. கல்யாணப் பெண் நைட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"மாப்ள யாரும்மா?"

மோகனப்பிரியா எழுந்து நின்றாள். "எனக்கே தெரியாது மாமா. ஆவடின்னு சொல்லிக்கறாங்க."

அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். உடம்பெல்லாம் மினுமினுத்தது. பாதி இலை, சாம்பார், எல்லாம் அந்தத் தூக்கத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. "அட மச்சான்! வாங்க வாங்க. உள்ள வந்து கணப்பைப் பாருங்க."

"கணப்பா? அப்ப கல்யாணம்?"

"யாருக்கு?" என்றார் கோதண்டம்.

"அந்த ஒரு டன்னு வெறகு?"

"குளிருதே மச்சான்."

தட்சிணாமூர்த்தி கோதண்டத்தின் வெறும் மார்பில் ஓடும் வியர்வையைப் பார்த்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்தார்.

"லோகநாதன்கிட்ட நீதான் சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே," என்றாள் வரலட்சுமி. "சிரிச்சேன்."

"சிரிச்சியா! மாலையும் தட்டுமா என்னைத் தெருவுல கோமாளியாட்டம் நிக்க வெச்சிட்டு, சிரிச்சியா?" அவர் முகம் கறுத்துவிட்டது. கடை ஆளைப் பார்த்து, "ஏத்துய்யா தட்டை. கெளம்பு," என்றார்.

கடை ஆள் தாம்பாளத்தை வேனுக்குள் தூக்கினார். இந்த வேன் திரும்பினால் இன்னொரு முறை வராது என்று வரலட்சுமிக்குத் தெரிந்தது.

மேளச் சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் முனியம்மா வெளியே வந்தாள். வேனைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், வெள்ளை வேட்டியைப் பார்த்தாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நேராகத் தட்சிணாமூர்த்தியிடம் வந்துவிட்டாள்.

"மாங்காட்டு அண்ணாத்தையா நீங்க? நான் எதிரூடுங்க. இத்தினி வருசமா உங்க சீரைத்தான் பாத்துகினு கீறேன், உங்களைப் பாத்ததில்ல. டான்னு ஆட்டோ வந்துடும். கரும்பு இன்னா, வெல்லம் இன்னா, பொடவை இன்னா! எங்கூட்டுக்காரரு கூடப் பொறந்தவளுக்கு ஒரு வெத்தல பாக்கு வெச்சதில்ல. அந்த மாங்காட்டு மனுசனைப் பாரு, ஒரு வருசம் தவறுனாரா, பொறந்தா அவருக்குத் தங்கச்சியாப் பொறக்கணும்னு நான் சொல்லாத நாளில்லங்க!"

தட்சிணாமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எப்போது அனுப்பினேன் என்று கேட்க அவர் உதடு பிரிந்தது. அப்படியே தங்கச்சி பக்கம் திரும்பினார். வரலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தாள். ஒரே ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்தால் போதும், இனி இந்தத் தெருவில் அவள் தலை நிமிர முடியாது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார் முனியம்மாவிடம். "கடையை உட்டு நவுர முடியறதில்ல. வருசா வருசம் ஆட்டோவுலயே குடுத்தனுப்பிட்டேன். தப்புதான். நேர்ல வந்திருக்கணும். அதான் இந்த வருசம் நானே எடுத்துகினு வந்தேன்." கடை ஆள் தட்டை அந்தரத்தில் பிடித்தபடி விழித்தார். "இன்னாய்யா பாத்துகினு நிக்கற? எறக்கு."

"மாலை எதுக்குங்க அண்ணாத்தே, பொங்கச் சீருக்கு?" முனியம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தட்சிணாமூர்த்தி ஒரு கணம் தடுமாறினார். சட்டென்று மாலையை எடுத்து, வெறும் உடம்போடு நின்ற கோதண்டத்தின் கழுத்தில் போட்டுவிட்டார். "கூடப் பொறந்தவளைக் கட்டுன மாப்ளைக்கு ஒரு மரியாதை வேணாமா?" கோதண்டம் மாலையோடு அசடு வழிந்தார். "மச்சான், அன்னிக்கி அந்தச் சாம்பாரு… நான் சொன்னது தப்புதான்," என்று அவர் வாயில் கடைசியில் வந்தே விட்டது. வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாகவல்லி கீழே காலை வைத்துக்கொண்டு, "இன்னா அனல் இது, தெருவு வரைக்கும் அடிக்குது," என்றாள். மோகனப்பிரியா ஓடிப்போய் அத்தையின் பையை வாங்கிக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி புடவை இருந்த தாம்பாளத்தை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினார். அவள் குனிந்து வாங்கினாள். தட்டை விடாமல் அவர் கிட்டே வந்தார். முனியம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"போன வருசம் நான் இன்னா கலர் பொடவை எடுத்தேன்?"

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணீர் தட்டில் விழுந்தது.

"கத்திரிப்பூ கலருண்ணே. சின்னதா சரிகை போட்டது."

"நல்லாத்தான் எடுத்துகீறேன். அதுக்கு முந்தின வருசம்?"

"மயில் கழுத்து."

தட்டை இரண்டு பேரும் பிடித்தபடியே நிற்க, வரலட்சுமி மீதி வருஷங்களை அவர் கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.